தக்காளி டைமரும் 20-ஆம் தேதியும்

ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் அலுவலகத்துக்கு எதை வாங்கிப் போட்டால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது மூன்று: நல்ல நாற்காலி, இரண்டாவது மானிட்டர், பாத்திரக் கடையில் கிடைக்கிற முறுக்கு டைமர். மூன்றாவதைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். இதற்கு நான் கொடுத்தது 300 ரூபாய்க்கும் கீழே. கொடுத்த காசுக்கு அதிகம் வேலை வாங்கியது இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள், பிரிண்டிங், காஜா பட்டன் யூனிட்கள், நூல் கடைகள், இரண்டு மூன்று மளிகைக் கடைகள். எங்கள் மாதத்துக்குக் காலண்டர் வேறு. 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும், 11-ஆம் தேதி விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ஆம் தேதி வரியைக் கணக்குப் போட்டுக் கட்டும் 3பி ரிட்டர்ன். நடுவில் 14-ஆம் தேதிதான் 2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், போர்ட்டலில் வரும். சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டி, அந்த பில் நம் 2பி-யில் ஏறியிருந்தால்தான் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும் என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம். ஆக 14-க்கும் 20-க்கும் நடுவே உள்ள சில நாட்களில்தான் எல்லாருடைய பர்ச்சேஸ் பில்லையும் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அந்த நாட்களில்தான் எல்லாருக்கும் எங்களிடம் பேசவும் தோன்றும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். தக்காளி வடிவம், பிளாஸ்டிக், தலையில் பச்சைக் காம்பு. நடுவே இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்பாதி அப்படியே நிற்க, மேல்பாதியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். விளிம்பைச் சுற்றி 5, 10 என்று 55 வரை எண்கள். 25 நிமிஷம் வேண்டுமென்று நேராக 25-க்குத் திருப்பி விட்டால் பல சமயம் மணி முழுதாக அடிக்காது, லேசாக ஒரு முனகலோடு நின்றுவிடும். கடைசி எண்ணைத் தாண்டும்வரை முழுக்க முறுக்கிவிட்டு, அப்புறம் பின்னால் 25-க்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங்கில் மணிக்குத் தேவையான முறுக்கு ஏறும். என் பெட்டியில் இதை எங்கும் அச்சிடவில்லை. ‘மணியே அடிக்கவில்லை’ என்று இந்த மாதிரி டைமர்களைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினையாக இருக்கும்.

நேரத் துல்லியம் சுமார்தான். போனில் வைத்துப் பார்த்தால் 25 என்பது 26-ஐத் தாண்டுகிறது, சில நாள் 24-லேயே அடித்துவிடுகிறது. இட்லி வேக வைப்பவர்களுக்கு இது உறுத்தலாம். கணக்கு வேலைக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால் ஒன்றும் குடி முழுகாது.

சத்தம்தான் பெரிய குறை. இரும்பு மேஜை மேல் வைத்தால் அந்த டிக் டிக் மேஜை முழுக்க அதிரும். முதல் வாரமே என்னிடம் வேலை செய்யும் பெண், “அக்கா, அது என் மண்டைக்குள்ள ஓடுதுக்கா” என்றாள். திருப்பூரில் இதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. கட்டிங் வேஸ்ட் துணி ஒன்றை நாலாக மடித்து அடியில் வைத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை இருவரும் பழகிக்கொண்டோம். இப்போது அந்தச் சத்தம் இருந்தால் ‘அக்கா வேலையில் இருக்காங்க’ என்று அவளுக்கு அர்த்தம். சத்தமில்லாத டைமரால் இந்தச் சேதியைச் சொல்ல முடியாது என்பதால், குறை என்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

இதை வைத்து வேலை செய்யும் முறை எனதல்ல. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியக் கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், ‘பத்து நிமிஷமாவது உண்மையாகப் படிக்க முடியுமா’ என்று தன்னோடு தானே பந்தயம் கட்டி, தக்காளி வடிவ சமையலறை டைமரை எடுத்து வைத்ததில் தொடங்கியது. அதுதான் பொமடோரோ முறை; இத்தாலிய மொழியில் பொமடோரோ என்றால் தக்காளி. 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிஷம் வரை நீண்ட ஓய்வு. இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் டைமரைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு தாள் இல்லாவிட்டால் இந்த டைமர் வெறும் பொம்மை.

தாளைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று ஆகும் என்று குத்துமதிப்பாக யோசித்து, எதிரே அத்தனை கட்டம் போட வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி. ஒரு வேலைக்கு ஏழு கட்டத்துக்கு மேல் வந்தால் அது ஒரு வேலையே அல்ல, உடைத்து எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கும் குறைவான சில்லறை வேலைகளை, செலான் பிரிண்ட், மெயில் பதில் மாதிரி, ஒன்றாகச் சேர்த்து ஒரு கட்டமாக்க வேண்டும். இதுவரை பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிதான் இருக்கும். சுவாரசியம் குறிகளில் இருக்கிறது. வேலைக்கு நடுவில் நாமாகவே கவனம் சிதறினால் மேலே ஒரு சின்னக் கொக்கி போட வேண்டும். வேறு யாராவது கலைத்தால் ஒரு சிறு கோடு.

கொக்கியைப் பார்ப்போம். சப்ளையர் பில் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சமையல் கேஸ் புக் பண்ணவில்லையே என்று ஞாபகம் வரும். அத்தைக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே என்று தோன்றும். வழக்கமாகக் கை போனுக்குப் போய்விடும். போன் எடுத்தால் கேஸ் புக் ஆகும், அப்படியே வாட்ஸ்அப்பில் நாலு பேர் அனுப்பிய பில் போட்டோவும் கண்ணில் படும். இப்போது ஒரு கொக்கி, தாளின் அடியில் ‘கேஸ்’ என்று ஒரு வார்த்தை, மறுபடி பில் நம்பர். அவ்வளவுதான். சாயங்காலம் அந்த அடிவரிகளைப் பார்த்தால் பாதி விஷயங்கள் தாமாகவே முடிந்திருக்கும். மாத்திரையை வீட்டுக்காரர் வாங்கி வந்திருப்பார். யாரோ ஒருவருக்கு உடனே சொல்லியே ஆகவேண்டும் என்று எழுதிய விஷயம், சாயங்காலம் சொல்லவே தேவையில்லாததாகத் தெரியும்.

கோடுகள்தான் எனக்குப் பண விஷயமாகப் பயன்பட்டவை. கொஞ்ச நாள் தாள்களை எடுத்து அடுக்கிப் பார்த்ததில், கோடுகள் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் குவிந்திருந்தன. கம்பெனியைத் திறந்து, ஆளுக்கு வேலை கொடுத்து, டீ குடித்துவிட்டு முதலாளிகள் போனை எடுக்கிற நேரம் அது. “மேடமுங்க, ஒரே ஒரு நிமிசமுங்க” என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டி ஓடும். பேசி முடித்து ஸ்கிரீனைப் பார்த்தால் ஜிஎஸ்டி போர்ட்டல் வெளியே தள்ளியிருக்கும். 15 நிமிஷம் தொடாமல் விட்டால் அது லாகின் பக்கத்துக்குப் போய்விடும்.

இப்போது டைமர் ஓடும்போது போன் வந்தால் அந்தப் பெண் எடுப்பாள், அல்லது நானே எடுத்து, “அண்ணா, ஒரு கணக்குல இருக்கேனுங்க. அரை மணி நேரத்துல நானே கூப்பிடறேன்” என்பேன். சிரிலோவின் முறையிலும் இதே வரிசைதான்: நிலைமையைச் சொல்வது, நேரம் பேசுவது, குறித்துக்கொள்வது, சொன்னபடி திருப்பிக் கூப்பிடுவது. கடைசிப் படிதான் உயிர். இரண்டு தடவை கூப்பிடாமல் விட்டால் மூன்றாவது தடவை ஆள் நேரில் வந்து நிற்பார், அல்லது வேறு ஆடிட்டரைப் பார்ப்பார். சொன்ன நேரத்தில் கூப்பிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். “அதை விடுங்க மேடம், பையன் பாத்துச் சொல்லிட்டான்” என்பார்கள். நான் திருப்பிக் கூப்பிடும்போது ஓரளவுக்கு இப்படித்தான் முடிகிறது. வரி விஷயத்தில் 25 நிமிஷம் காத்திருக்க முடியாத அவசரம் என்று ஒன்று மிக மிக அபூர்வம். தாமதக் கட்டணமே நாள் கணக்கில்தான், ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20. நிமிஷக் கணக்கில் யாரும் அபராதம் போடுவதில்லை.

ஒரே விதிவிலக்கு ஓடிபி. ரிட்டர்னை ஃபைல் செய்யும்போது ஓடிபி கட்சிக்காரரின் போனுக்குத்தான் போகும். அவர் சாயப்பட்டறையில் நின்றுகொண்டிருப்பார், போன் ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருக்கும். ஓடிபி வேலையையும் 25 நிமிஷச் சுற்றையும் கலக்கவே முடியாது. எனவே ஃபைல் செய்யத் தயாரான எல்லாக் கணக்குகளையும் மதியம் 3 மணிக்கு மேல் ஒரே வரிசையில் வைத்து, காலையிலேயே “மூணு மணிக்கு ஓடிபி வரும்ணா, போனைக் கையில வெச்சிக்கோங்க” என்று செய்தி அனுப்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் டைமர் ஓடாது. இந்த ஏற்பாட்டை எந்த டைமரும் சொல்லித் தரவில்லை. தாளில் தொடர்ந்து விழுந்த கோடுகள்தான் காட்டின.

முறையில் எனக்குப் பிடித்த இன்னொரு விதி: வேலை சுற்று முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டால் டைமரை நிறுத்தக் கூடாது. மிச்ச நிமிஷத்தில் செய்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும். கேட்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் 3பி-யை ஒருமுறை ஃபைல் செய்துவிட்டால் திருத்த வழியில்லை. தப்பை அடுத்த மாதக் கணக்கில்தான் சரிக்கட்ட வேண்டும், வரி குறைவாகக் காட்டியிருந்தால் வட்டியும் சேரும். முன்பெல்லாம் கணக்கு முடிந்ததும் அடுத்த கட்சிக்காரரின் ஃபைலை எடுத்துவிடுவேன். இப்போது மணி அடிக்க இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது, வேறொன்றை எடுக்கவும் கூடாது, வேறென்ன செய்ய? கட்சிக்காரரின் கணக்கையும் 3பி-யில் போகப்போகும் எண்ணையும் வைத்துப் பார்ப்பேன். ஐஜிஎஸ்டி (வெளிமாநில வியாபார வரி) பத்தியில் போட வேண்டியது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (உள்மாநில வியாபார வரி) பத்தியில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அப்புறம் கட்டணம். கட்டங்கள் போட்டுப் பழகிய பிறகுதான் யாருக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எனக்கே தெரிந்தது. பெரிய டர்ன்ஓவர் உள்ள ஒரு நூல் கடைக்கு மூன்று கட்டம் போதும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து சுத்தமாக எடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதம் மிகக் குறைவாகக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டுக்கு ஏழு கட்டம். அவர் பில்களை மஞ்சப்பையில் கொண்டுவந்து கொட்டுவார். அதில் டீக்கடைத் துண்டுச் சீட்டும் இருக்கும். மூன்று மாதத் தாள்களை எடுத்துவைத்து அவரிடம் பேசினேன். “அண்ணா, உங்க கணக்குக்கு மாசம் இவ்வளவு கட்டம் ஆகுதுங்க. ஒண்ணு பீஸ் ஏத்தணும், இல்லன்னா பில்லைத் தேதிவாரியா அடுக்கிக் குடுக்கணும்.” அவர் தாளை வாங்கி, பெருக்கல் குறிகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். “இந்தக் கோடெல்லாம் என்னங்க?” என்று கேட்டார். “அது நீங்க போன் பண்ணதுங்க.” பில்லை அடுக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். இப்போது அவருடைய மகள் அடுக்கி, கிளிப் போட்டு அனுப்புகிறாள். ‘நேரம் ஆகுது’ என்று நான் வாயால் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. எல்லாரும் எல்லாரிடமும் அதைத்தானே சொல்கிறோம்.

25 என்ற எண்ணில் எனக்குப் பெரிய பக்தி இல்லை. இருநூறு, முந்நூறு பில் உள்ள ஒரு 2பி ஒப்பீட்டை எக்செலில் பிரித்துப் போட்டு, எந்த பில் எதோடு சேரும் என்று மனசுக்குள் ஒரு வரிசை உருவாகி வரும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். அந்த வேலைக்கு 45-இல் வைக்கிறேன். முறையைச் சுத்தமாகப் பின்பற்றுகிறவர்கள் இதைத் தப்பு என்பார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கொஞ்ச காலம் 25-லேயே இருப்பது நல்லது, இல்லாவிட்டால் 45 என்பது ஒரு மணியாகி, அப்புறம் டைமரே இல்லாமல் ஆகிவிடும். ஓய்வு 5 நிமிஷத்தில் மட்டும் நான் கறார். போனைத் தொடுவதில்லை. மொட்டை மாடிக்குப் போய்விட்டு வருவேன், அல்லது தண்ணீர் பிடித்து வைப்பேன். நீண்ட ஓய்வுக்குத் தனியாக ஏற்பாடு வேண்டியதில்லை, 11 மணி டீயும் 4 மணி டீயும் ஏற்கெனவே இருக்கின்றன.

போன் ஆப் போதாதா என்று கேட்கலாம். இலவசமாக நிறைய இருக்கின்றன, முயன்று பார்த்தேன், பல நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் டைமரை வைக்கப் போனை எடுக்க வேண்டும். என் தொழிலில் போனைக் கையில் எடுப்பதுதான் வியாதியே. காந்தம் வைத்த டிஜிட்டல் டைமரும் வாங்கி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேரம் துல்லியம், டிக் டிக் இல்லை. என்னிடம் உள்ளதில் 25 வைக்க நிமிஷப் பொத்தானை 25 தடவை அமுக்க வேண்டும். கடைசியாக வைத்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வகையும் இருக்கிறது, வாங்கினால் அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் பீப் சத்தம் பக்கத்துக் கடை வரை கேட்கும். ஏறுமுகமாக எண்ணும் வசதி இருப்பதால், புதுக் கட்சிக்காரரின் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க அதை வைத்துக்கொண்டேன். தினசரிக்கு முறுக்கு டைமர்தான். கையால் திருப்பும்போதே ‘சரி, ஆரம்பம்’ என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நடுவில் நிறுத்தி வைத்துத் தொடரும் பட்டன் இல்லாததும் நல்லதுக்கே. இடையில் விட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது, மறுபடி முழுக்க முறுக்க வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் என் மகன் கொஞ்ச நாள் எடுத்துப் போனான். கணக்குப் பாடத்துக்குச் சரியாக வந்தது, மனப்பாடத்துக்கு ஒத்து வரவில்லை என்று திருப்பித் தந்துவிட்டான்.

இது உதவாத நாட்களும் உண்டு. 20-ஆம் தேதி டைமர் டிராயருக்குள் போய்விடும். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒருவர் பணம் கட்டிவிட்டேன் என்பார், செலான் வந்திருக்காது, இன்னொருவர் அன்றைக்குத்தான் ஒரு கட்டு பில்லை நீட்டுவார். அன்று கட்டமும் கோடும் போட்டால் தாள் முழுக்கக் கோடாகத்தான் இருக்கும். காலாண்டு ரிட்டர்ன்காரர்களுக்கு தமிழ்நாட்டில் 22 வரை நேரம் உண்டு என்பதால் காலாண்டு முடிந்த மாதங்களில் இன்னும் இரண்டு நாள் டிராயரிலேயே கிடக்கும்.

நேரில் வருகிறவர்களுக்கும் இது செல்லாது. பல்லடத்திலிருந்து பஸ் ஏறி, வெயிலில் நடந்து வந்து, நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெரியவரிடம் ‘பதினெட்டு நிமிஷம் உட்காருங்க’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. டைமரைத் திருப்பி நிறுத்திவிடுவேன். ஒரு நாள் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. “ஏனுங்க மேடம், உள்ள குக்கர் வெச்சிருக்கீங்களா?” என்றார். நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும் கவுன்டர் வேலை, போன் எடுப்பதே வேலையாக உள்ளவர்கள், பத்துப் பேர் ஒரே ஹாலில் உட்காரும் அலுவலகம்: இவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனி மேஜை, தன் கையில் ஓரளவு நேரம், அளவுக்கு மேல் சில்லறைத் தொந்தரவு உள்ளவர்களுக்குத்தான் இது: கணக்கெழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், டிசைன் போடுகிறவர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை, என்னுடையது இரண்டு முறை மேஜையிலிருந்து விழுந்திருக்கிறது. பச்சைக் காம்பு கழன்றுவிட்டது, 10-ம் 15-ம் விரல் பட்டுத் தேய்ந்துவிட்டன, இரண்டு பாதிக்கும் நடுவே லேசாக இடைவெளி விழுந்திருக்கிறது. மணி இன்னும் அடிக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் ஆன்லைனில் வாங்காமல் கடையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். முழுக்க முறுக்கி, 5 நிமிஷத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்ற சாமான்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். மணி மூன்று நான்கு நொடியாவது நிற்காமல் அடிக்க வேண்டும். கோழி, முட்டை வடிவத்திலும் வரும். முட்டை உருண்டு விழும், அடி தட்டையாக உள்ளதை எடுங்கள். கூடவே 100 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் வாரம் டைமரை விட அதுதான் அதிகம் வேலை செய்யும்.